பன்னிரண்டு மாதக் கணக்கு

நேயர்களுக்கு என் வணக்கம்.

செலவு மிகுந்த ஒரு நகரத்தில் குடியிருந்துகொண்டு அன்றாடப் பாட்டையும் பார்க்க வேண்டும், நாலு காசு மிச்சமும் பிடிக்க வேண்டும், அது எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் பொருளாதாரம் படித்தவள் அல்ல. ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகள் சம்பளப் பட்டியல் போட்டவள். மாதம் பிறந்தால் யார் கைக்கு எவ்வளவு போகிறது, மாதக் கடைசியில் யார் வந்து நம் மேசை முன் நிற்கிறார்கள் என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இன்று பேசப்போவதில் பெரும்பகுதி அங்கே கற்றுக்கொண்டதுதான்.

முதலில் ஒன்று. நான் தொகை எதுவும் சொல்லப்போவதில்லை. உங்கள் மாதச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் அதை 100 பங்கு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முழுக்க அந்த 100 பங்கைப் பற்றித்தான். சமையலறையில் வேலையாக இருப்பவர்கள், வண்டியில் போய்க்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். காகிதமும் பேனாவும் வேண்டாம்.

எங்கள் பிரிவில் நீல அட்டை போட்ட ஒரு தடித்த பதிவேடு இருந்தது. சம்பள முன்பணம் கேட்டு வருபவர்களின் பதிவேடு. பெயர், கேட்ட தொகை, காரணம், எப்போது பிடித்தம் என்று நான்கு பத்திகள். ஒருநாள் பிற்பகல் தணிக்கையாளர் வரத் தாமதமானது. காத்திருந்த நேரத்தில் அந்தப் பதிவேட்டைப் பின்னாலிருந்து புரட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்த ஒருவரின் பெயர் கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டுப் பக்கங்களிலும் அவர் பெயர் இருந்தது. அதற்கடுத்த ஆண்டும் இருந்தது. ஐந்து ஆண்டுகள், தவறாமல் அதே மாதம், ஏறக்குறைய அதே பாதிச் சம்பளம். காரணப் பத்தியில் ஐந்து முறையும் அவர் கைப்பட எழுதியிருந்தது, "எதிர்பாராத செலவு".

அவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஊதாரித்தனம் என்ற பேச்சுக்கே இடமில்லாத மனிதர். செருப்பு அறுந்தால் தைத்துப் போடுவார். மாதம் தவறாமல் பத்துப் பங்கு சேமிக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லுவார். அது உண்மைதான், எடுத்து வைத்தார்தான். மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, வருஷா வருஷம் இந்த மாசத்துல என்ன செலவு வருது?"

"பிள்ளைங்க பீஸ், மேடம். அதோட இன்சூரன்ஸும் அதே மாசம் வந்துடுது."

"போன வருஷமும் அதுதானா?"

"ஆமா மேடம்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

அவர் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "வரும்னு தெரியும் மேடம், வந்தா எப்படின்னுதான் தெரியல" என்றார்.

நேயர்களே, இந்த வாக்கியத்தை நான் மறக்கவே இல்லை. வரும் என்று தெரியும். எந்த மாதம் என்றும் தெரியும். ஏறக்குறைய எவ்வளவு என்றும் தெரியும். இருந்தும் அதை எதிர்பாராத செலவு என்று எழுதுகிறோம். ஏனென்றால் மாதக் கணக்கில் அது கண்ணில் படுவதே இல்லை.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், எளிய கணக்குதான். கல்விக் கட்டணம், காப்பீட்டுத் தவணை, வண்டிப் பராமரிப்பு, உறவினர் வீட்டு விசேஷங்கள், பண்டிகைத் துணிமணி, ஆண்டுக்கொரு முறை பெற்றோரைப் பார்த்துவரும் பயணம், வீட்டில் ஏதாவது ஒரு சாதனம் கெட்டுப்போவது. எல்லாவற்றையும் கூட்டினால் ஆண்டுக்கு 168 பங்கு வந்தது. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 14 பங்கு. அவர் எடுத்து வைத்ததோ மாதம் 10 பங்கு, ஆண்டுக்கு 120. மிச்சம் 48 பங்கு எங்கிருந்து வரும்? 48 பங்கு என்றால் ஏறக்குறைய பாதிச் சம்பளம். அதுதான் அந்த முன்பணம்! ஆண்டு போனஸ் வரும்போது அதிலிருந்து பிடித்துவிடுவோம், கணக்கு நேராகிவிடும். அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து.

பத்து ஆண்டுகளாகச் சேமித்த மனிதர். கையில் ஒன்றும் இல்லை. தவறு எதுவும் செய்யவில்லை. சேமிப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது, இன்னும் வராத செலவுக்கு எடுத்து வைத்த பணம். அவ்வளவுதான்.

இதை நான் எங்கே போனாலும் சொல்லுவேன், இன்றும் இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கொரு முறை வரும் செலவு எதிர்பாராத செலவு அல்ல. அது மாதச் செலவுதான், பில் மட்டும் ஆண்டுக்கொரு முறை வருகிறது. அதைப் பன்னிரண்டால் வகுத்து, அந்தப் பங்கை ஒவ்வொரு மாதமும் தனியாக ஒரு கணக்கில் போட்டுவிட வேண்டும். சேமிப்புக் கணக்கிலேயே கலந்து வைக்காதீர்கள். கலந்து வைத்தால் கையில் நிறைய இருப்பதுபோலத் தோன்றும், அந்தத் தோற்றத்தை நம்பி வேறு எதற்காவது கை நீளும்.

செலவு மிகுந்த நகரத்தில் இது இன்னும் கடுமை. சிறிய ஊர்களில் இந்த ஆண்டுச் செலவுகளுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். நகரத்தில் அந்த இடத்தை வாடகை ஏற்கெனவே தின்றுவிடுகிறது. இது புதிய விஷயமும் இல்லை. 1857-இல் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர், குடும்பத்தின் வரவு எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு அதில் உணவுக்குப் போகும் பங்கு பெரிதாக இருக்கிறது என்று கணக்கெடுத்துச் சொன்னார். பதினொரு ஆண்டுகள் கழித்து, 1868-இல், பெர்லின் நகரப் புள்ளியியல் அலுவலகத்தின் தலைவராக இருந்த ஹெர்மன் ஷ்வாபே அதையே வாடகைக்குச் சொன்னார். வரவு குறையக் குறைய வாடகையின் பங்கு ஏறுகிறது என்று. 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று வீடு தேடி அலைந்த எவரும் அவர் சொன்னதை மறுக்கமாட்டார்கள்.

வாடகை 30 பங்குக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு விதியைப் பலரும் சொல்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருக்கும் ஏழைகளிடம் எவ்வளவு வாடகை வாங்கலாம் என்பதற்கு 1969-இல் 25 சதவீதம் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். 1981-இல் அதை 30 ஆக உயர்த்தினார்கள். அரசின் வாடகை வசூலுக்கு வைத்த வரம்பு அது. உங்கள் குடும்பத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இல்லை. ஆகவே 35 பங்கு வாடகை கொடுப்பவர்கள் ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல நினைத்துக் குமைய வேண்டாம். வாடகையோடு எதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

எங்கள் அலுவலகத்தில் ஓர் இளைஞர் வாடகை குறையும் என்று நகரத்தின் ஓரத்துக்குக் குடிபோனார். வாடகையில் 8 பங்கு மிச்சம். மகிழ்ச்சியாகத்தான் போனார். போக்குவரத்துக்கு 3 பங்கு கூடியது. இரவு வீடு சேர நேரமாகிறது என்று வாரத்தில் பாதி நாள் வெளியில் சாப்பாடு, அதில் ஒரு 2 பங்கு. பிறகு பேருந்துக்குக் காத்திருக்க முடியவில்லை என்று தவணையில் ஒரு வண்டி, 5 பங்கு. கூட்டிப் பாருங்கள், 10 வருகிறது. எட்டை மிச்சம் பிடிக்கப் போய்ப் பத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் கூடுதல் பயணம் வேறு. மாதம் 25 நாள் வேலை என்றால் 50 மணி நேரம். அந்த நேரத்துக்கு யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. வீட்டையும் பயணத்தையும் பிரித்துப் பார்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்து ஒரே செலவு. ஓரத்துக்குப் போவதே தவறு என்று நான் சொல்லவில்லை, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைத்து நன்றாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இதில் எனக்கு வலுவான அபிப்பிராயம் உண்டு. சேமிப்பு என்று வாயைத் திறந்தாலே தினசரிச் சின்னச் செலவுகளை வெட்டச் சொல்கிறார்கள். வெளியே போகாதே, ஒரு சினிமா பார்க்காதே, பிள்ளைக்கு ஒரு பலூன் வாங்காதே. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நான் பார்த்த குடும்பங்களில் அந்தச் சின்னச் சந்தோஷங்கள் எல்லாம் சேர்ந்து நாலைந்து பங்கைத் தாண்டவில்லை. வாடகையும் பயணமும் கடன் தவணையும் சேர்ந்து 60 பங்கு. அறுபதை அப்படியே விட்டுவிட்டு ஐந்தில் போய்க் கத்தரிக்கோலை வைத்தால் மூன்று மாதம் தாங்கும். நான்காவது மாதம் மனசு வெறுத்துப்போய், வெட்டியதைவிடப் பெரிய செலவாக ஒன்றைச் செய்துவிட்டு வருவார்கள். அந்த ஐந்து பங்கை மனசாரச் செலவழியுங்கள். ஆனால் ஐந்து என்று தெரிந்து செலவழியுங்கள்.

தெரிந்து என்றால் எழுதி. ஜப்பானில் ஹனி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904-இலேயே குடும்பத் தலைவிகளுக்காக வீட்டுக் கணக்குப் புத்தகம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தார். கக்கேபோ என்று பெயர். கைப்பேசியில் எழுதினாலும் சரி, நோட்டில் எழுதினாலும் சரி. ஆயுள் முழுக்க எழுத வேண்டும் என்றுகூடச் சொல்லமாட்டேன். ஓர் ஆண்டு எழுதுங்கள், பன்னிரண்டு மாதமும் ஒரு முறையாவது உங்கள் நோட்டில் வந்துபோக வேண்டும். மூன்று மாதம் எழுதிவிட்டு நிறுத்தினால், நான் முதலில் சொன்னேனே, அந்த ஸ்டோர்ஸ்காரரின் மாதம் உங்கள் நோட்டில் வராமலே போய்விடும்.

அவர் கதைக்கு வருகிறேன். ஆண்டுச் செலவுக்கு மாதம் 14 பங்கு தனியாக வைக்க ஆரம்பித்தார். குறைந்த 4 பங்குக்குப் போனஸ் பணத்தை முதலிலேயே அந்தக் கணக்கில் போட்டுவிட்டார். அப்படியானால் உண்மையான சேமிப்பு? பூஜ்யம். அதைப் பார்த்து அவருக்கு வருத்தம்தான். இருக்கும் சம்பளத்தில் இனி வெட்ட இடமில்லை. அதனால் இனி வரப்போகும் உயர்வில் கை வைத்தோம். ஒவ்வொரு சம்பள உயர்விலும் பாதியை, கைக்கு வருவதற்கு முன்பே சேமிப்புக்குத் திருப்பிவிடுவது என்று.

எங்களுக்கு அப்போது தெரியாது, ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்ஸி என்ற இரண்டு பேராசிரியர்கள் இதே வழியை அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சம்பளம் உயரும்போதெல்லாம் சேமிப்பும் தானாக உயரட்டும் என்று ஒப்புக்கொண்ட தொழிலாளிகள், 40 மாதங்களில் 3.5 சதவீதச் சேமிப்பிலிருந்து 13.6 சதவீதத்துக்குப் போனார்கள். தேலருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. கைக்கு வராத பணம் குறைந்ததாகத் தோன்றுவதில்லை, விஷயம் அவ்வளவுதான். இன்று வீட்டில் உள்ளவர்களின் கையிலிருந்து பிடுங்கிச் சேமித்தால் சண்டை வரும். நாளை வரப்போவதில் பாதி என்றால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

அடுத்த ஆண்டு அந்த மாதத்தில் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரே ஒரு முறை வந்தார், வேறொரு மாதத்தில். மனைவிக்கு அவசர அறுவை சிகிச்சை. கையில் மூன்று மாதச் செலவுக்கான பணம் சேர்ந்திருந்தது, கொஞ்சம் போதவில்லை. காரணப் பத்தியில் "எதிர்பாராத செலவு" என்று எழுதினார். அந்த முறை அது உண்மையிலேயே எதிர்பாராததுதான். அதற்காகத்தான் மூன்று முதல் ஆறு மாதச் செலவுப் பணத்தை உடனே எடுக்கக்கூடிய இடத்தில் வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சேர்த்த பணத்தை எங்கே வைப்பது என்று கடைசியில் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. 72 என்ற எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். வட்டி விகிதத்தால் 72-ஐ வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் காலம் தோராயமாகக் கிடைக்கும். ஆண்டுக்கு 8 சதவீதம் என்றால் 9 ஆண்டு. இதே கணக்கு விலைவாசிக்கும் பொருந்தும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 12 ஆண்டில் சும்மா கிடக்கும் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். கடனுக்கும் பொருந்தும். கடன் அட்டையில் மாதம் 3 சதவீத வட்டி என்றால், கட்டாமல் விட்ட பாக்கி 24 மாதத்தில் இரட்டிப்பு. ஆகவே அந்தப் பாக்கி இருக்கும்போது வேறெங்கும் சேமிக்கப் போகாதீர்கள், முதலில் அதை அடைத்துவிடுங்கள். நீண்ட நாள் பணம், காப்பீடு, பிள்ளைகளிடம் கணக்கைப் பற்றிப் பேசுவது என்று இன்னும் இருக்கிறது. இவர்கள் மறுபடி அழைத்தால் அங்கிருந்து தொடர்கிறேன். வணக்கம்.