நடுவர் அவர்களே, காய்ச்சலுக்குத்தான் என் ஓட்டு

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, கடல்காற்றையும் கொசுக்கடியையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டு இந்த மண்டபம் ஊர்த் திடலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"போர்களின் முடிவைப் பெரிதும் தீர்மானித்தது ஆயுதமா, நோயா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் எதிரணித் தலைவர் வாளைச் சுழற்றிவிட்டுப் போயிருக்கிறார். யானைப்படை வந்தது, பீரங்கி வந்தது, அணுகுண்டும் வந்தது. அவர் பேசிய நேரம் முழுக்க இடது கை மட்டும் கொசு அடித்துக்கொண்டே இருந்தது. அதைச் சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று நடுவர்தான் சொல்ல வேண்டும்.

அவர் கேட்ட ஒரு கேள்விக்கு நல்ல கைதட்டல். "நெஞ்சில் வேல் வாங்கியவனுக்கு நடுகல் நட்டான் தமிழன், பேதியில் போனவனுக்கு எவன் கல் நட்டான்?" என்றார். ஐயா, எவனும் நடவில்லை. அதுதான் எங்கள் வழக்கே! புறநானூற்று 93ஆம் பாட்டில், அதியமானைப் பாடும்போது ஔவை ஒரு வழக்கத்தைச் சொல்கிறாள். களத்தில் சாகாமல் நோயில் செத்த மன்னனின் உடலைப் புல் பரப்பிக் கிடத்தி, "போரில் விழுந்த மறவர் போன இடத்துக்கே நீயும் போ" என்று சொல்லி, வாளால் பிளந்து அடக்கம் செய்வார்களாம். உயிர் போன பிறகு ஒரு வெட்டு. வேலையை முடித்தது நோய், கையெழுத்துப் போட்டது வாள். வரலாறு எழுதியவர்களில் பலரும் இதையேதான் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்கிறேன் நான்.

வெளிநாட்டுக்கெல்லாம் அப்புறம் போகலாம். முதலில் நம்ம சீமை.

1330களின் நடுவில் மதுரையும் இந்தக் கடற்கரையும் டில்லி சுல்தானின் ஆட்சிக்குக் கீழே இருந்தன. அரபு வணிகர்கள் இந்தக் கரையை மஅபர் என்பார்கள். இங்கே ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்சன், "இனி நானே சுல்தான்" என்று அறிவித்துத் தன் பேரில் காசும் அடித்துவிட்டார். டில்லியில் இருந்தவர் முகமது பின் துக்ளக். சும்மா விடுவாரா? பெரும்படையோடு தெற்கே கிளம்பினார். அந்தப் படை இங்கே வந்து சேர்ந்திருந்தால் மதுரை என்ன கதி ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் வாரங்கல் வரைக்கும்தான் வந்தது. அங்கே கொள்ளைநோய் பிடித்துக்கொண்டது. படையில் பெரும்பகுதி மாண்டுபோனது என்று மொராக்கோவிலிருந்து வந்த பயணி இபின் பதூதா எழுதுகிறார். சுல்தானே படுத்துவிட்டார். எதிரியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்ப வேண்டியதாயிற்று. திரும்புகிற வழியில் அவருக்குப் பல்வலி வேறு. விழுந்த பல்லை இன்றைய மகாராஷ்டிரத்தின் பீட் பக்கத்தில் புதைத்து, அதன்மேல் ஒரு சமாதியும் கட்டினார்கள். டில்லிப் படையெடுப்புக்கு மிஞ்சியது ஒரு பல்லின் சமாதி!

மதுரை சுல்தானகம் அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுக்கும் மேல் தனியாக நின்றது. எதிரணிக்கு ஒரு கேள்வி. மதுரையைக் காப்பாற்றியது எந்த வாள், எந்தக் கோட்டை, எந்தத் தளபதி?

அந்தக் கதைக்கு இரண்டாம் பாகமும் உண்டு. 1344 வாக்கில் இதே இபின் பதூதா இலங்கையிலிருந்து கப்பலேறி, கடல் கொந்தளித்து, தட்டுத்தடுமாறி இந்தக் கரையில் இறங்குகிறார். அவர் ஃபத்தன் என்று குறிப்பிடும் துறைமுகம் நம்ம பெரியபட்டினமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். அப்போது சுல்தான் கியாசுத்தீன். அவருக்கும் இபின் பதூதாவுக்கும் சகலை முறை. அண்டை நாட்டு ஹொய்சள மன்னனையே வென்று கொன்ற சுல்தான் அவர், கொடூரமானவரும்கூட. மதுரையில் அப்போது ஒரு கொள்ளைநோய். பிடித்தால் இரண்டு மூன்று நாளில் ஆள் காலி. முதலில் சுல்தானின் மகன், அப்புறம் தாயார், அப்புறம் சுல்தானே. அத்தனை போர்களில் யாரும் தொட முடியாத ஆள். இபின் பதூதாவுக்கும் காய்ச்சல் வந்தது. பிழைத்தால் போதும் என்று ஊரைவிட்டுக் கிளம்பினார். கிளம்பியதால்தான் நமக்கு இந்தக் கதை கிடைத்தது.

ஏன் படையை மட்டும் நோய் இப்படித் தேடிவருகிறது? "தற்செயல், விதி" என்றார் எதிரணியில் பேசிய அக்கா. தற்செயல் ஒரு தடவை நடக்கலாம், ஒவ்வொரு முற்றுகையிலுமா நடக்கும்? படை வாழ்கிற வாழ்க்கையைப் பாருங்கள். பல்லாயிரம் பேர் நெருக்கியடித்துப் படுக்கிறார்கள். குடிக்கவும் குளிக்கவும் ஒரே குளம், அதன் கரையிலேயே காலைக்கடன். மாற்றுத் துணி கிடையாது, துணி நிறையப் பேன். பாதிப் பேர் வேறு சீமைக்காரர்கள், அந்த ஊர்க் காய்ச்சல் அவர்கள் உடம்புக்குப் புதுசு. ஐஸ் பெட்டியில் ஒரு மீன் கெட்டால் மற்றது என்ன ஆகும் என்று இந்த ஊரில் நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தெரிந்துகொண்டு நோயையே கோட்டையாக வைத்திருந்தவர்கள் நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தார்கள். இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம், கண்டி. படை வந்தால் கண்டி மன்னர்கள் தலைநகரைக் காலி செய்துவிட்டுக் காட்டுக்குள் போய்விடுவார்கள். வந்தவன் வெற்று நகரத்தைப் பிடித்துக்கொண்டு கொடியேற்றுவான். இவர்கள் மழைக்காகவும் காய்ச்சலுக்காகவும் காத்திருப்பார்கள். 1803 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை அப்படித்தான் கண்டிக்குள் நுழைந்தது. அப்போது மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வழிவந்தவர். எதிர்ப்பே இல்லை, பெரிய வெற்றி என்று நினைத்தார்கள். ஏப்ரலுக்குள் காய்ச்சலில் ஆட்கள் சுருண்டு விழ, தளபதி மக்டவல் பெரும்பகுதியோடு கொழும்புக்குத் திரும்பிவிட்டார். மேஜர் டேவி தலைமையில் மிச்சம் நின்றவர்களில் பலரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. ஜூனில் கண்டிப் படை வந்து தாக்கியது, டேவி சரணடைந்தார், மகாவலி ஆற்றங்கரையில் அவருடைய பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஏறக்குறைய எல்லோரும் கொல்லப்பட்டார்கள்.

"பார்த்தீர்களா, கடைசியில் கொன்றது வாள்தானே!" என்று எதிரணியில் ஒருவர் குதிக்கிறார். குதியுங்கள். எழுந்து நிற்க முடியாதவனை வெட்டுவதற்கு எவ்வளவு வீரம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கண்டி 1815இல் விழுந்தது உண்மை. அதுவும் துப்பாக்கியால் இல்லை. மன்னரோடு பகைத்துக்கொண்ட பிரதானிகளே கதவைத் திறந்துவிட்டார்கள். அது வேறு பட்டிமன்றத் தலைப்பு.

எதிரணி பெருமையாக எடுத்துவைத்த உதாரணம் மெக்சிகோ. சில நூறு ஸ்பானியர்கள் துப்பாக்கியும் குதிரையும் வைத்து ஒரு பேரரசைச் சாய்த்தார்கள் என்றார்கள். பாதிக் கதைதான் சொன்னார்கள். 1520 ஜூனில் அதே துப்பாக்கி, அதே குதிரை, அதே ஸ்பானியத் தளபதி கோர்தெஸ். அஸ்டெக் மக்கள் அவரைத் தலைநகரிலிருந்து அடித்துத் துரத்தினார்கள், ராத்திரியோடு ராத்திரியாக ஓடினார். அடுத்து என்ன நடந்தது? பெரியம்மை. அந்தக் கண்டம் அதுவரை பார்த்திராத நோய். துரத்தியடித்த புதிய மன்னர் குயித்லாவாக் அந்த ஆண்டே அம்மையில் போனார். ஊர் ஊராகச் செத்தார்கள். 1521 ஆகஸ்டில் நகரம் விழுந்தது. உள்ளூர்ப் பகையாளிகள் ஆயிரக்கணக்கில் ஸ்பானியர் பக்கம் சேர்ந்ததும் ஒரு காரணம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஜூனில் தோற்ற துப்பாக்கிக்கு அடுத்த ஆகஸ்டில் எப்படிப் புதுப் பலம் வந்தது?

நெப்போலியனை ரஷ்யக் குளிர் தோற்கடித்தது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே படிக்கிறோம். குளிர் வருவதற்கு முன்னாலேயே, 1812 கோடையிலேயே, பேதியும் பேன் பரப்பும் டைஃபஸும் அந்தப் படையை அரிக்கத் தொடங்கிவிட்டன. அதற்குப் பத்து வருஷம் முன்னால் இதே நெப்போலியன் தன் மைத்துனர் லெக்லேரைக் கரீபியக் கடலின் ஹெய்ட்டிக்கு அனுப்பினார், அங்கே கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சல் படையைத் தின்று லெக்லேரையும் தின்றது. 1803இல் வட அமெரிக்காவில் பிரான்ஸ் வைத்திருந்த லூசியானாவை அமெரிக்காவுக்கு விற்றுவிட்டு அவர் கையைக் கழுவியதில் அந்தக் கொசுவுக்கும் பங்கு உண்டு. கிரிமியப் போரில் பிரிட்டிஷ் பக்கம் சண்டையில் செத்தவர்களைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் நோயில் செத்தார்கள். மணி அடிக்கப்போகிறார்கள், எனக்குத் தெரிகிறது. ஐரோப்பாவை இத்தோடு விடுகிறேன்.

படையைக் கொன்ற நோய், படையின் காலைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள்ளும் வந்தது. 1817 நவம்பர். பிண்டாரிகள் என்ற கொள்ளைக் குதிரைப்படையினரையும் மராத்தியரையும் ஒடுக்கக் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவே மத்திய இந்தியாவின் பந்தேல்கண்டில் படையோடு முகாம் போட்டிருந்தார். வாந்திபேதி நுழைந்தது, சில நாளில் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். தான் செத்தாலும் எதிரிக்குத் தெரியக்கூடாது, கூடாரத்துக்குள்ளேயே புதைத்துவிடுங்கள் என்று அவர் சொல்லிவைத்ததாகச் சொல்வார்கள். அந்தப் போரை அவர்கள் ஜெயித்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படைகள் போன பாதையெல்லாம் வாந்திபேதியும் போனது. 1818இல் சென்னை மாகாணம், அங்கிருந்து கடல் தாண்டி இலங்கை.

அந்தப் பயம் எவ்வளவு காலம் நின்றது தெரியுமா? நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரே சாட்சி. மண்டபம் கேம்ப் என்ற பேர் எப்படி வந்தது? தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலி ஜனங்களைச் சில நாள் அடைத்துவைத்து, துணிமணியை மருந்தில் போட்டு எடுத்து, வாந்திபேதியும் பிளேக்கும் இல்லை என்று பார்த்த பிறகே தலைமன்னார் கப்பலுக்கு விட்டார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. ஒரு அரசாங்கம் கடல் தாண்டி வந்து காவல் போட்டது வேல்கம்புக்குப் பயந்தா?

கடைசியாகப் பர்மா. இந்த மாவட்டத்தில் பர்மா, மலேயா போன தாத்தாக்கள் இல்லாத தெரு குறைவு. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர். 1944இல் ஜப்பானியரோடு சேர்ந்து இம்பால் வரை நடந்தார்கள். அவர்களின் வீரத்தை நான் ஒரு சொல்லும் குறைத்துப் பேச மாட்டேன். மழை பிடித்துக்கொண்டது, உணவு வரவில்லை, மலேரியாவும் சீதபேதியும் வந்தன. ஜப்பான் படையில் மட்டும் ஏறக்குறைய 30,000 பேர் செத்தார்கள், அதில் பெரும்பாலோர் பசியிலும் நோயிலும்.

எதிர்ப்பக்கம் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் அதே காடு, அதே கொசுதான். 1943இல் அவர்கள் பக்கம் காயம்பட்டு ஒருவன் களத்தைவிட்டு வெளியேறினால், நோயில் 120 பேர் வெளியேறினார்கள். மலேரியா மருந்தான குவினைன் உலகத்தில் கிடைத்ததில் பத்தில் ஒன்பது பங்கு விளைந்த ஜாவா ஜப்பான் கையில். தளபதி வில்லியம் ஸ்லிம் என்ன செய்தார்? பீரங்கியை எண்ணுவதற்கு முன்னால் மாத்திரையை எண்ணினார். குவினைனுக்குப் பதிலாக மெபாக்ரின் என்று ஒரு மஞ்சள் மாத்திரை. போட்டால் தோலெல்லாம் மஞ்சளாகும், ஆண்மை போய்விடும் என்று சிப்பாய்களிடம் வதந்தி. (சிரிக்காதீர்கள், பயந்தவர்கள் பட்டாளத்துக்காரர்கள்.) திடீரென்று ரத்தப் பரிசோதனை வைத்தார் ஸ்லிம். ஆட்கள் மாத்திரை போடவில்லை என்று தெரிந்தால் அந்தப் படைப்பிரிவின் தலைவருக்கே பதவி போனது. மூன்று பேரைத்தான் நீக்க வேண்டியிருந்ததாம், மற்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஆக, ஜெயித்தது தலைமைதானே?" என்பார் அடுத்து வருகிறவர். ஆமாம் ஐயா, முதல் எதிரி யார் என்று தெரிந்துகொண்ட தலைமை. அணுகுண்டையும் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். 1945க்கு வந்து நிற்கும்போது உங்கள் கையில் தடுப்பூசி இருக்கிறது, பெனிசிலின் இருக்கிறது, பூச்சிமருந்து டிடிடி இருக்கிறது. அதற்கு முந்தைய மூவாயிரம் வருஷத்தை யார் கணக்கில் எழுதுவது?

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, ஒரே ஒரு கேள்வியை மேசையில் வைத்துவிட்டு உட்காருகிறேன். 1809இல் நெதர்லாந்தின் வால்கெரன் தீவுக்கு பிரிட்டன் ஏறக்குறைய 40,000 பேரை அனுப்பியது. சண்டையில் செத்தவர்கள் 106 பேர். காய்ச்சலில் செத்தவர்கள் சுமார் 4,000. படை ஒன்றும் சாதிக்காமல் திரும்பியது. இந்தப் போரில் ஜெயித்த ஆயுதத்தின் பெயரை மட்டும் அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் சொல்லிவிடட்டும். நன்றி, வணக்கம்.