வானம் பார்த்த முற்றமும் அஞ்சடியும்

(பினாங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, வணக்கம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் நம் பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனின் லெபோ பாசார் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. புடவையும் பலகாரமும் வாங்குகிற அவசரத்தில், கீழே கடையும் மேலே வீடுமாக அங்கே வரிசையாக நிற்கும் கடைவீடுகளை நாம் நின்று பார்த்ததே இல்லை.

ஏன் அவை ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருக்கின்றன? இரண்டு பக்கச் சுவர்களுக்கும் குறுக்கே மர உத்திரம் போட்டார்கள். உத்திரம் எட்டுகிற தூரம்தான் வீட்டின் அகலம். இடம் வேண்டுமென்றால் பின்பக்கம்தான் நீள முடியும். நீண்டால் நடுவீடு இருட்டிவிடும். அதற்காகவே வானம் பார்த்த முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலேறும், தெருவிலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். காரைக்குடி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கி, அதாவது வட்டித்தொழில் கூடம், வைத்திருந்த செட்டியார்களுக்கு அந்த முற்றம் புதிதாகத் தோன்றியிருக்காது.

வீட்டுக்கு வீடு நடுச்சுவரைக் கூரைக்கு மேலேயும் எழுப்பியிருப்பார்கள். ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த கூரைக்குத் தாவாமல் தடுக்கத்தான்.

முன்னால் அஞ்சடி, அதாவது ஐந்தடி நடைவழி. கடைகளுக்கு முன்னே தொடர்ச்சியான, கூரையிட்ட நடைவழி வேண்டுமென்று 1822-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு விதித்தார். பிறகு அது மலாயா நகரங்களுக்கும் வந்தது. இடம் வீட்டுக்காரருடையது, நடப்பது ஊரார். வெயிலிலும் மழையிலும் முன்பின் தெரியாதவருக்கும் நிழல் தரச் சொன்ன விதி அது. அதில் பெட்டிகளை அடுக்கி வழியை மறிக்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. நல்லதுதான். ஆனால் என் பெரிய கவலை, பழைய சுவர்களைப் பழுதுபார்க்கப் பூசுகிற சிமெண்ட். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லே பொடியாகும்.

என் சித்தப்பா வீட்டில் இதுதான் நடந்தது. சுவர் உதிர்கிறதென்று மறுபடி மறுபடி சிமெண்டையே பூசினார்கள், அது மேலும் உதிர்ந்தது. கடைசியில் எல்லாவற்றையும் கொத்தி எடுத்து, சுவரை மாதக்கணக்கில் காயவிட்டு, அதன் பிறகே சுண்ணாம்பு பூசினோம். தகரம் போட்டு மூடியிருந்த முற்றத்தையும் திறந்தோம். இப்போது பகலில் நடுவீட்டில் விளக்குப் போடுவதில்லை.