கை தெரிகிறது, விறைப்பு தெரியவில்லை: வீடியோ அழைப்பில் பார்க்கின்சன் பரிசோதனை

[திரையில்: மடியில் கிடக்கும் ஒரு வலது கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசிக்கொண்டே இருக்கின்றன.]

இந்தக் கையைச் சற்று நேரம் பாருங்கள். மாத்திரையை உருட்டுவது போன்ற நடுக்கம், நொடிக்கு நான்கு முதல் ஆறு முறை. ஏதாவது எடுக்கப் போனால் அடங்கும். சும்மா இருந்தால் மறுபடி எழும்.

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்தபோது அவர் கையில் இருந்தது ஆறே பேரின் கதை. அதில் இருவர் தெருவில் தற்செயலாக எதிர்ப்பட்டவர்கள். ஒருவரை அவர் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆக, தொடாமல் கண்ணால் மட்டும் பார்ப்பது இந்த நோய்க்குப் புதிதல்ல.

[திரையில்: மதிப்பெண் அட்டை. 33 கட்டங்கள்.]

இன்று மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலின் அசைவுப் பகுதியில் 33 மதிப்பெண்கள் உண்டு. ஒவ்வொன்றும் பூஜ்யம் முதல் நான்கு வரை, மொத்தம் 132. வீடியோ அழைப்பில் இதில் ஆறு கழன்றுவிடும். கழுத்திலும் கைகால்களிலும் உள்ள விறைப்புக்கு ஐந்து. மூட்டைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்கும் கை இல்லாமல் அதை அறிய வழியில்லை. ஆறாவது, பின்னால் நின்று தோளைச் சட்டென்று இழுத்து, நோயாளி எத்தனை அடியில் சமாளிக்கிறார் என்று எண்ணும் சோதனை. தயவுசெய்து இதை வீட்டில் மகனையோ மருமகளையோ செய்யச் சொல்லாதீர்கள். இடுப்பு எலும்பு முறிந்தால் எந்த மதிப்பெண்ணும் உதவாது.

[திரையில்: விரல் தட்டும் காட்சி. படம் இடையில் உறைந்து நிற்கிறது.]

மீதி 27லும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்து, வேகமாகப் பத்து முறை தட்டச் சொல்வார்கள். நோய் இருந்தால் விரிப்பு படிப்படியாகச் சுருங்கும், நடுவில் தடங்கும். இணையம் திணறினாலும் படம் இதே மாதிரிதான் தடங்கும்! தடங்கியது விரலா, சிக்னலா? சந்தேகம் வந்தால் கைபேசியிலேயே அதைப் பதிவு செய்து அனுப்பிவிடுவது நல்லது.

கைபேசியைக் கையில் பிடிக்காமல் மேசையில் சாய்த்து வையுங்கள். வெளிச்சம் முகத்தில் விழட்டும். சக்கரம் இல்லாத நாற்காலி போதும். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதம் தெரியாவிட்டால் பாதிப் பரிசோதனை வீண். இந்த நோய்க்குத் தரும் முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரையைக் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதைத் தாளில் குறித்து வையுங்கள். மருந்து வேலை செய்யும்போதும் இறங்கிய பிறகும் அதே ஆள் வேறு ஆளாகத் தெரிவார்.

அமெரிக்காவில் 195 நோயாளிகளை ஓராண்டு கவனித்து 2017இல் வெளியான ஆய்வில், வீடியோ சந்திப்பால் வாழ்க்கைத் தரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மிச்சமானது நேரம்: ஒரு சந்திப்புக்கு ஏறத்தாழ 88 நிமிடம்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. மருத்துவமனையின் அகலமான நடைபாதையில் மருத்துவர் முன்னால் மிடுக்காக நடந்து காட்டுபவர், வீட்டுக் கழிப்பறை வாசலில் கால் தரையோடு ஒட்டியதுபோல நின்றுவிடுவார். அங்கே யாரும் அதைப் பார்ப்பதில்லை. அடுத்த அழைப்பில் கைபேசியை அந்த வாசல் பக்கம் திருப்புங்கள். விழுந்தால் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். நோயாளி உள்ளே போய்த் திரும்பி வரட்டும்.