ஒரே படத்தோடு போனவர்

நேயர்களுக்கு வணக்கம்.

1981இல் வெளிவந்த 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' ஒரு கல்லறைத் தோட்டத்தில் தொடங்குகிறது. ஜேம்ஸ் பாண்டாக நடிக்கும் ரோஜர் மூர் பூக்களோடு வந்து ஒரு கல்லறையின் முன் நிற்கிறார். கல்லில் தெரசா பாண்ட், 1943 - 1969 என்றும், ஜேம்ஸ் பாண்டின் அன்பு மனைவி என்றும் பொறித்திருக்கிறது. ரோஜர் மூர் நடித்த எந்த பாண்ட் படத்திலும் அவருக்குக் கல்யாணமே நடக்கவில்லை. மாலை மாற்றியவர் ஒருவர், திவசம் கொடுப்பவர் இன்னொருவர்!

மாலை மாற்றியவர் ஜார்ஜ் லேசன்பி. பாண்ட் நடிகர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஷான் கானரியா ரோஜர் மூரா என்று பட்டிமன்றமே நடக்கும். இளையவர்கள் டேனியல் கிரெய்க் என்பார்கள். லேசன்பிக்கு ஓட்டுப் போட ஆளிருக்காது. என் ஓட்டு அவருக்குத்தான். 1962 முதல் 2021 வரை ஆறு நடிகர்கள், 25 படங்கள். கிரெய்க் வரும்வரை இத்தனையும் ஒரே மனிதனின் கதை என்று நாம் நம்பியதற்கான முடிச்சு அவருடைய அந்த ஒற்றைப் படத்தில்தான் விழுந்தது.

கானரி எடின்பரோவில் வீடு வீடாகப் பால் கொடுத்தவர். ஆணழகன் போட்டி மேடைகளில் நின்றவர். முதல் படமான 'டாக்டர் நோ'வின் இயக்குநர் டெரன்ஸ் யங், தன் தையற்காரரிடமே அவரை அழைத்துப்போய்க் கோட்டு தைக்கச் செய்தார். உடம்போடு ஒட்டவேண்டும் என்பதற்காக அந்தக் கோட்டோடு தூங்கச் சொன்னார் என்றும் ஒரு பேச்சு உண்டு. நாவல்களை எழுதிய இயன் ஃபிளெமிங்குக்கு முதலில் கானரியைப் பிடிக்கவில்லை. படம் வந்ததும் மனம் மாறி, பின்னர் எழுதிய நாவலில் பாண்டின் தந்தையை ஸ்காட்லாந்துக்காரராக்கிவிட்டார். எழுத்தாளரே நடிகருக்காகப் பாத்திரத்தின் பூர்வீகத்தைக் குறித்துவைக்கும் அளவுக்கு ஒருவர் வேரூன்றிவிட்டார். அவர் 1967இல் விலகியபோது தயாரிப்பாளர்கள் ஆல்பர்ட் ப்ரோக்கலிக்கும் ஹாரி சால்ட்ஸ்மனுக்கும் வயிற்றில் புளி கரைத்திருக்கும்.

லேசன்பி ஆஸ்திரேலியர். கார் விற்றவர், பிறகு விளம்பர மாடல், சாக்லெட் விளம்பரத்தில் தோன்றியவர். அதுவரை ஒரு சினிமாவில்கூட நாயகனாக நடித்ததில்லை. அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். கானரியின் தையற்காரரிடமே போய், கானரிக்காகத் தைத்து அவர் வாங்காமல் விட்டிருந்த கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். கானரி முடி வெட்டிக்கொண்ட இடத்திலேயே முடி வெட்டிக்கொண்டு தயாரிப்பாளர்கள் முன்னால் போய் நின்றார். வேலை கிடைத்துவிட்டது.

1969இல் வந்த அந்தப் படம், 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்', தயாரிப்பாளர்களின் பதற்றத்தை மறைக்கவே இல்லை. தொடக்கக் காட்சியில் காப்பாற்றப்பட்ட பெண் நன்றிகூடச் சொல்லாமல் காரில் பறந்துவிட, அந்த இன்னொரு ஆளுக்கு இப்படியெல்லாம் நடந்ததேயில்லை என்று லேசன்பி முணுமுணுக்கிறார். பெயர்கள் ஓடும்போது பழைய படங்களின் காட்சிகள் வந்து போகின்றன. பிறகு, வேலையை விடப்போகிறேன் என்று பாண்ட் மேசையைக் காலி செய்யும் காட்சி. இழுப்பறையிலிருந்து கானரி காலத்துப் பொருள்கள் வருகின்றன: முதல் படத்து நாயகியின் இடுப்புக் கத்தி, கழுத்தை நெரிக்கும் கம்பி ஒளிந்த கைக்கடிகாரம், நீருக்கடியில் மூச்சுவிடும் சிறு கருவி. ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது அந்தந்தப் படத்தின் இசை கேட்கிறது. சொத்தை வாரிசுக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் மாதிரியான காட்சி அது.

இந்த வேலைகளில் பாதி எடுபடவில்லை என்பது என் எண்ணம். அளவுக்கு மீறிய நினைவூட்டல்கள். எடுபட்டது கல்யாணம்தான். டயானா ரிக் நடித்த டிரேசியை, அதாவது கல்லறைக் கல்லில் பார்த்த தெரசாவை, பாண்ட் மணக்கிறான். திருமணத்துக்கு வந்த மிஸ் மனிபென்னி, பாண்டின் மேலதிகாரியுடைய செயலாளர், கண்கலங்குகிறார். அவரை நோக்கித் தன் தொப்பியை வீசிவிட்டு மாப்பிள்ளை காரில் ஏறுகிறான். சற்று நேரத்தில், சாலையோரத்தில் டிரேசி சுட்டுக் கொல்லப்படுகிறாள். படம் அதோடு முடிந்துவிடுகிறது.

லேசன்பி அடுத்த படத்துக்கு இருக்கவில்லை. ஹிப்பிகளின் காலத்தில் கோட்டு போட்ட உளவாளிக்கு இனி மவுசு இல்லை என்று அவருக்கு ஆலோசனை சொன்னார்கள், அவரும் கேட்டுக்கொண்டார். படத்தின் முதல் திரையிடலுக்கு நீண்ட முடியும் தாடியுமாக வந்தார். கானரி 1971இல் ஒரு படத்துக்குத் திரும்பினார், 1973இல் மூர் வந்தார். ஆனால் செத்துப்போன டிரேசி யாரோடும் போகவில்லை. 1977இல் ஒரு சோவியத் உளவாளிப் பெண் அவளைப் பற்றிப் பேச்செடுத்ததும் மூர் முகம் மாறிப் பேச்சை வெட்டுகிறார். 1989இல் நண்பனின் திருமணத்தில் மணமகள் விளையாட்டாக, அடுத்து உன் முறை என்றதும் டிமதி டால்டன் வாடிப்போகிறார். 1999இல், அன்புக்குரிய யாரையாவது இழந்ததுண்டா என்று கேட்டால் பியர்ஸ் பிராஸ்னன் பதில் சொல்வதில்லை. மூவருக்கும் முகம் வேறு, பேச்சு வேறு, சண்டை போடும் விதம்கூட வேறு. துக்கம் ஒன்றுதான்.

மூர் மற்றபடி துக்கம் கொண்டாடும் ஆளல்ல. உதய்ப்பூரில் எடுத்த 1983ஆம் ஆண்டுப் படத்தில் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் மகுடியில் பாண்டின் இசையை ஊதி அடையாளம் காட்டுகிறார். ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் எதிரிகளை விளாசுகிறார். கூட்டம் டென்னிஸ் பார்ப்பதுபோல இடமும் வலமுமாகத் தலையைத் திருப்புகிறது. அபத்தம்தான், ரசித்துப் பார்ப்பேன். 1985இல் கடைசிப் படம் வந்தபோது மூருக்கு வயது 57.

2006இல் கிரெய்கை வைத்துக் கணக்கைப் புதிதாகத் தொடங்கினார்கள். அவர் பொன்னிறத் தலைமுடிக்காரர் என்றே எதிர்ப்பு கிளம்பியது. படம் வந்ததும் அடங்கிப்போனது. அவருடைய பாண்டுக்கு டிரேசி கிடையாது. ஆனாலும் 2021இல் அந்த பாண்டைச் சாகடித்தபோது, லேசன்பி படத்துக்காக லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய பாட்டைத்தான் எடுத்து ஒலிக்கவிட்டார்கள்.

2025இல் படைப்புரிமை ப்ரோக்கலி குடும்பத்தின் கையிலிருந்து அமேசானிடம் போயிருக்கிறது. பாண்ட் செத்துவிட்டதால் வாரிசுக்கு எடுத்துக்கொடுக்க இழுப்பறையில் ஒன்றுமில்லை. பெரிய நட்சத்திரத்தைக் கொண்டுவந்தால் அவருடைய பழைய படங்களின் சுமையும் கூடவே வரும். என்னைக் கேட்டால், நாம் பெயரே கேள்விப்படாத ஒருவரைப் பிடிக்கட்டும். கோட்டை மட்டும் அவருக்கென்றே அளவெடுத்துத் தைக்கட்டும்.

வணக்கம்.