மேல்தளம் ஒன்று, வேலை வேறு: விமானம் தாங்கிக் கப்பலும் தரையிறக்கக் கப்பலும்

(திரையில்: இரண்டு போர்க்கப்பல்கள் பக்கம் பக்கமாக)

வணக்கம். இடப்பக்கம் இருப்பது நம் ஐ.என்.எஸ். விக்ராந்த், நீளம் 262 மீட்டர். வலப்பக்கம் அமெரிக்காவின் வாஸ்ப், 257 மீட்டர். இரண்டுமே 40,000 டன்னைத் தாண்டியவை. இரண்டிலும் தட்டையான மேல்தளம், ஓரத்தில் கோபுரம். ஆனால் விக்ராந்த் விமானம் தாங்கிக் கப்பல், வாஸ்ப் தரையிறக்கக் கப்பல். மேலே பார்த்தால் பாதிதான் புரியும். மீதி, கப்பலின் பின்புறம் தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது.

முதலில் விமானம் தாங்கி. இதன் வேலை வானத்தில். அமெரிக்காவின் ஜெரால்டு ஃபோர்டு போன்ற பெரிய கப்பல்கள் சுமார் 1,00,000 டன், அணுசக்தியில் ஓடுபவை, மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் போகும். அவற்றில் விமானத்தை உந்தி எறியும் கருவி உண்டு. நின்ற இடத்திலிருந்து இரண்டு மூன்று நொடிக்குள் விமானம் பறக்கும் வேகத்துக்கு வந்துவிடும். இறங்கும்போது தளத்தின் குறுக்கே கட்டிய இரும்புக் கயிறு கொக்கியில் மாட்டி நிறுத்தும். விக்ராந்தில் உந்துகருவி இல்லை. முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த சரிவில் ஓடித்தான் மிக்-29கே போர் விமானம் எழும்பும். எரிபொருளும் ஆயுதமும் நிரப்பிய கனமான விமானத்தையும், வெகுதூரம் பார்க்கும் ராடார் விமானத்தையும் கிளப்ப உந்துகருவி வேண்டும். அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு.

தரையிறக்கக் கப்பலில் உந்துகருவியும் கிடையாது, கயிறும் கிடையாது. ஹெலிகாப்டர்கள்தான் அதிகம். கூடவே குறைந்த தூரம் ஓடி எழும்பி, செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி போர் விமானம். வேகமும் குறைவு, மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில். ஆனால் உள்ளே ஆயிரத்துக்கு மேல் வீரர்கள், வண்டிகள், மருத்துவமனை எல்லாம் இருக்கும்.

(திரையில்: கப்பலின் பின்கதவு திறக்கும் வரைபடம்)

இனி அந்தப் பின்புறம். தரையிறக்கக் கப்பல் தன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு கொஞ்சம் தாழும். பின்கதவு, மதகு திறப்பது போலத் திறக்கும். கடல் உள்ளே அடித்தளத்துக்கு வரும். உள்ளே நிற்கும் படகுகள் மிதந்து, லாரியும் ஆளுமாகக் கரைக்குக் கிளம்பும். இவற்றில் காற்று மெத்தையில் ஓடும் ஹோவர்கிராஃப்ட் தனி ரகம். தண்ணீரில் வந்து அப்படியே மணலில் ஏறிவிடும். சாதாரணத் தரையிறக்கப் படகு உலகக் கடற்கரைகளில் சுமார் 15 சதவீதத்தில்தான் ஒதுங்க முடியும். ஹோவர்கிராஃப்ட் 70 சதவீதத்துக்கு மேல் ஏறும் என்கிறது அமெரிக்கக் கடற்படை.

இதை டெல்டாக்காரர்கள் கவனித்துக் கேட்க வேண்டும். நம் ஆற்று முகத்துவாரங்களில் மணல் சேர்ந்து விசைப்படகே தட்டுகிறது என்பது மீனவர்களின் நீண்ட நாள் புகார். கோடியக்கரையைத் தாண்டினால் பாக் நீரிணை, பெரிய கப்பல் நெருங்க முடியாத ஆழம் குறைந்த கடல். முத்துப்பேட்டைப் பக்கம் சேறும் அலையாத்திக் காடும். இப்படிப்பட்ட கரையில் பேரிடர் வந்து சாலை அறுந்துபோனால் கனமான பொருளை எப்படிக் கொண்டுவருவது?

2004 டிசம்பர் 26 அந்தக் கேள்வியைக் கேட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சுனாமி கொண்டுபோனது. அதே அலை அடித்த இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு அமெரிக்காவின் இரண்டு ரகக் கப்பலும் உதவிக்குப் போயின: விமானம் தாங்கி ஆபிரகாம் லிங்கன், தரையிறக்கக் கப்பல் போனோம் ரிச்சர்ட். லிங்கனின் ஹெலிகாப்டர்கள் இரவு பகலாக உழைத்தன, கப்பலே கடல்நீரைக் குடிநீராக்கியும் கொடுத்தது. அது சாதாரண உதவி இல்லை. ஆனால் அதன் போர் விமானங்களுக்கு அங்கே வேலையில்லை. விமானிகளின் பயிற்சி விட்டுப்போகாமலிருக்க, கப்பல் இந்தோனேசியக் கடல் எல்லைக்கு வெளியே போக வேண்டியிருந்தது. போனோம் ரிச்சர்டோ, சாலை துண்டிக்கப்பட்ட மெலபோ கரையில் ஹோவர்கிராஃப்டை ஏற்றி நிவாரணப் பொருளை இறக்கியது.

அப்போது நம்மிடம் அந்த அளவில் ஒரு கப்பல் இல்லை. 2007-ல் ட்ரென்டன் என்ற பழைய அமெரிக்கக் கப்பலை வாங்கி ஜலஷ்வா என்று பெயர் வைத்தோம். முழுத் தட்டைத் தளம் கிடையாது, ஆனால் தண்ணீர் புகும் அடித்தளம் உண்டு. 2020 கொரோனா காலத்தில் மாலத்தீவிலிருந்து 698 பேரைக் கொச்சிக்குக் கொண்டுவந்ததும், கொழும்பிலிருந்து நம்மவர்களைத் தூத்துக்குடியில் இறக்கியதும் அதே கப்பல்தான்.

சரி, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாதா? அமெரிக்கர்கள் முயன்றார்கள். ‘அமெரிக்கா’ என்றே பெயர் வைத்த தரையிறக்கக் கப்பல் ரகத்தின் முதல் இரண்டு கப்பல்களில் அந்த அடித்தளத்தையே எடுத்துவிட்டு, விமானத்துக்கு இடம் கூட்டினார்கள். எஃப்-35பி இருபது வரை ஏற்றலாம். குட்டி விமானம் தாங்கி மாதிரிதான். ஆனாலும் ராடார் விமானத்தைக் கிளப்ப வழியில்லை, கனமான வண்டியைக் கரையில் இறக்கவும் முடியவில்லை. மூன்றாவது கப்பலான போகன்வில்லில் அடித்தளத்தைத் திரும்ப வைத்துவிட்டார்கள்.

இந்தியாவில் மூன்றாவது விமானம் தாங்கி வேண்டுமா என்று அடிக்கடி விவாதம் நடக்கிறது. நான்கு புதிய தரையிறக்கக் கப்பல்கள் வாங்கும் பேச்சும் 2010-களிலிருந்து இழுத்துக்கொண்டே வருகிறது. அதைப் பற்றி நம் ஊரில் பேசுவோர் குறைவு. ஜலஷ்வா 1971-ல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த கப்பல். என்னைக் கேட்டால், வரிசையில் அந்த நான்கும்தான் முதலில் வர வேண்டும்.