சப்ளை செயின் வேலைக்கு டிப்ளமோ படிக்க வேண்டுமா, ஓசூர் ஒப்பந்த வேலையில் சேரலாமா? – ஆத்தூர் நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பதில் சொல்கிறேன். சேலம் மாவட்டத்தில் பட்டம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பலருடைய நிலைமையும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கிறது.

ஆத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பி.காம். முடித்திருக்கிறார். அவருடைய அப்பா ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் எடைமேடையையும் லாரிகளில் சரக்கு ஏற்றுவதையும் கவனித்துக்கொள்கிறார். சேலத்தில் ஒரு பயிற்சி நிறுவனம், ஆறு மாத சப்ளை செயின் (சரக்கை வாங்குவது முதல் கொண்டுபோய்ச் சேர்ப்பது வரையிலான வேலைகள்) டிப்ளமோவுக்குப் பெரிய தொகையைக் கட்டணமாகக் கேட்டு, வேலை நூறு சதவீதம் உறுதி என்கிறதாம். இன்னொரு பக்கம், ஓசூரில் உள்ள ஒரு பெரிய குடோனுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி, ஒப்பந்த அடிப்படையில் உடனே சேரச் சொல்கிறது. "எதைத் தேர்ந்தெடுப்பது? இந்தத் துறையில் எல்லாம் மெஷின்மயமாகி வேலையே இருக்காது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் டிப்ளமோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பணம் கட்ட வேண்டாம். வேலைக்கு உறுதி கொடுத்துப் பணம் வாங்கும் எந்த இடத்திலும், அந்த உறுதி எந்த நிறுவனத்தில், என்ன பதவிக்கு, எவ்வளவு சம்பளத்துக்கு என்பதை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள். முதல் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இந்தத் துறையில் சான்றிதழைவிட வேறொன்றைத்தான் தேடுகிறார்கள் என்பதை, குடோன்களுக்கும் டிரான்ஸ்போர்ட் அலுவலகங்களுக்கும் ஆள் தேர்வு செய்பவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்.

அது என்னவென்று விளக்க, நேர்முகத் தேர்வில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியையே சொல்கிறேன். ஒரு லாரி வந்து நிற்கிறது. இன்வாய்ஸில் 200 மூட்டை என்று இருக்கிறது, இறக்கி எண்ணினால் 198தான் இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? பெரும்பாலானவர்கள் "மேனேஜரிடம் தெரிவிப்பேன்" என்கிறார்கள். தவறான பதில் இல்லை, ஆனால் அதற்கு ஒரு ஆள் தேவையில்லை. விஷயம் தெரிந்தவர், டிரைவரை அந்த இடத்தை விட்டு நகரவிடாமல் அவர் கண்ணெதிரிலேயே மறுபடியும் எண்ணி, எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதின் நகலில் இரண்டு மூட்டை குறைவு என்று எழுதி, அதில் டிரைவரின் கையெழுத்தை வாங்கி, ஜி.ஆர்.என். எனப்படும் சரக்கு வரவுச் சீட்டை 198 மூட்டைக்கு மட்டுமே போட்டு, விற்றவரிடமிருந்து குறைந்த சரக்குக்கான தொகையைக் கழித்துத் தரும் கிரெடிட் நோட்டைக் கேட்க வேண்டும் என்று கணக்குப் பிரிவுக்கு அன்றைக்கே எழுதுவேன் என்பார். லாரி கேட்டைத் தாண்டிப் போய்விட்டால் அந்த இரண்டு மூட்டை யாருடைய நஷ்டம் என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. இந்தப் பதிலைச் சொல்பவர் எட்டாம் வகுப்பு படித்திருந்தாலும் நான் எடுத்துக்கொள்வேன். பி.காம். படித்தவராகவும் இருந்துவிட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆகிவிடுவார்.

சகோதரி, உங்கள் விஷயத்தில் எனக்கு ஆதங்கமாக இருப்பது இதுதான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள். உங்கள் அப்பா செய்வது சப்ளை செயின் வேலைதான். மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களுக்குள் அரைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கு கறுத்து மாவுச்சத்து குறைந்துவிடும். அதனால் எந்த ஊரிலிருந்து எத்தனை லோடு என்றைக்கு வர வேண்டும் என்பதை ஆலையின் அரைக்கும் திறனோடு பொருத்தித்தான் முடிவு செய்கிறார்கள். வந்த கிழங்குக்கு எடை போட்டு, பாயிண்ட், அதாவது மாவுச்சத்தின் அளவு, பார்த்து விலை நிர்ணயிக்கிறார்கள். செய்த ஜவ்வரிசியில் பெரும்பகுதி இங்கே விற்பதற்கு அல்ல, வடக்கே விரதம் இருப்பவர்கள் உண்பதற்கு. நவராத்திரி, ஏகாதசி, சிவராத்திரி, ஆடி ஆவணியை ஒட்டி வரும் சிராவண மாதம் ஆகிய காலங்களில் மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் தேவை ஏறும் என்பதை வைத்துத்தான் எவ்வளவு ஸ்டாக் கையில் வைப்பது, எப்போது விடுவது என்று ஆலைக்காரர்களும், 1981இல் பதிவு செய்யப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் வியாபாரிகளும் கணக்குப் போடுகிறார்கள். கொள்முதல், உற்பத்தித் திட்டம், இருப்பு, தேவை மதிப்பீடு, போக்குவரத்து என்று அந்த டிப்ளமோவின் பாடத்திட்டத்தில் இருக்கப்போகும் தலைப்புகள் அத்தனையும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. ஒரு மாதம் அப்பாவோடு போய் எடைமேடையில் உட்காருங்கள். ஆலை உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, வரவும் செலவும் இருப்பும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று எக்செல்லில் ஒரு தாள் தயாரித்துப் பாருங்கள். பொருந்தாது. ஈரப்பதம், சிந்தியது, சாக்கின் எடை என்று ஏதோ ஒன்று இடிக்கும். ஏன் பொருந்தவில்லை என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலில் சம்பளம் தரப்படும் திறமை.

இரண்டாவதாக, இந்த வேலைகள் ஏன் ஓசூர், கோயம்புத்தூர், ஸ்ரீபெரும்புதூர் என்று சில இடங்களில் குவிகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு, மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு, ஆனால் தன்னுடைய சொந்தக் கிளைக்குச் சரக்கை மாற்றினால் அந்த வரி இல்லை. அதனால் பெரிய கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்திருந்தன. ஒரு குடோன் கீப்பர், ஒரு கணக்கர், நான்கு லோடுமேன் என்று நடந்த சின்ன இடங்கள் அவை. ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்தக் காரணம் இல்லாமல் போனது. மாநில எல்லை வரிச் சோதனைச் சாவடிகளும் போயின. பல சின்ன குடோன்களைச் சேர்த்து, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய கிடங்காக்கி, மூன்று ஷிஃப்ட் ஓட்டுவது லாபமாகிவிட்டது. சேலத்துக்கு இதில் நல்ல இடம் இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில்தான் நாம் இருக்கிறோம், கொச்சிக்குப் போகும் 544 இங்கேதான் தொடங்குகிறது, பக்கத்தில் சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலுக்கே பெயர் பெற்ற ஊர்கள். ஆனாலும் பெரிய கிடங்குகளில் முதல் படி வேலைகள் பெரும்பாலும் நேரடி நியமனமாக இல்லாமல், ஏஜென்சி வழியாக ஒப்பந்தமாகத்தான் வருகின்றன. இதை விரும்புகிறேன் என்று சொல்லவில்லை. பண்டிகைக் காலத்தில் ஆள் கூட்டி, முடிந்ததும் குறைக்கும் வசதிக்காக நிறுவனங்கள் அப்படி வைத்துக்கொள்கின்றன. அதன் சுமை இளைஞர்கள் தலையில்தான் விழுகிறது, அது எனக்கு உறுத்தலான விஷயம்தான்.

மெஷின் வந்தால் வேலை போகுமா என்ற கேள்விக்கு, எந்த வேலை என்று பிரித்துப் பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும். ஒரு தாளில் இருப்பதைப் பார்த்து இன்னொன்றில் தட்டச்சு செய்யும் வேலை போய்க்கொண்டிருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல், ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற நிறுவனங்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ், அதாவது அரசின் தளத்தில் பதிவாகும் மின்னணு விலைப்பட்டியல், போட வேண்டும். அந்த விவரங்களை வைத்தே, சரக்கு சாலையில் போவதற்கான மின்னணுச் சீட்டான இ-வே பில்லின் முதல் பகுதி தானாக நிரம்பிவிடுகிறது. முன்பு அதற்கென்று உட்கார்ந்திருந்த ஆளுக்கு அங்கே இனி வேலையில்லை. ஆனால் அந்த லாரி கிளம்பிய பிறகு நடப்பதைப் பாருங்கள். சேலத்திலிருந்து மும்பைக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் பில்லுக்கு 6 நாள்தான் ஆயுள். வழியில் ஹூப்ளிக்குப் பக்கத்தில் வண்டி ஆக்சில் உடைந்து நின்றுவிட்டால், சரக்கை வேறு லாரிக்கு மாற்ற வேண்டும், மாற்றிய லாரியின் எண்ணைப் பில்லின் இரண்டாம் பகுதியில் ஏற்றிய பிறகே வண்டி நகர வேண்டும். காலம் முடியப்போகிறது என்றால், முடிவதற்கு முன் 8 மணி நேரம், முடிந்த பின் 8 மணி நேரம் என்ற இடைவெளிக்குள் நீட்டிப்புக் கேட்க வேண்டும். தவறினால் வண்டியும் சரக்கும் சாலையிலேயே நிறுத்தப்படும், அபராதம் வரும், வாங்கியவர் அங்கே கூச்சல் போடுவார். இரவு பத்து மணிக்கு டிரைவரிடம் கன்னடத்திலோ இந்தியிலோ பேசி, மாற்று வண்டி பிடித்து, எண்ணை ஏற்றி, வாங்கியவரிடம் உண்மையான நேரத்தைச் சொல்லிச் சமாதானப்படுத்தும் ஆள் தேவைப்படுகிறார். அந்த ஆளுக்கான தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆகவே சகோதரி, பேசும் அளவுக்கு இந்தி கற்றுக்கொள்ளுங்கள். டிப்ளமோ கட்டணத்தில் ஒரு சிறு பங்குகூட அதற்கு ஆகாது.

லாரி, குடோன் மட்டும்தானா இந்தத் துறை என்று நினைத்துவிட வேண்டாம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்த காப்பி அங்கே நுழையக் கூடாது, எந்த நிலத்தில் விளைந்தது என்று புவியிடக் குறியீட்டோடு காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அமலாகும் தேதியைத் தள்ளிவைத்திருக்கிறார்கள், ஆனால் ஏற்றுமதியாளர்கள் இப்போதிருந்தே விவரம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சேர்வராயன் மலையில் சில ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்களின் நிலத்தை அளந்து பதிவு செய்து, எந்த மூட்டை எந்தத் தோட்டத்தினுடையது என்று காப்பிக் கொட்டையைத் தோல் நீக்கித் தரம் பிரிக்கும் க்யூரிங் ஒர்க்ஸ் வரை கலக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க ஆட்கள் வேண்டும். மலையில் பிறந்து, மலை மக்களின் பேச்சும் பாதையும் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கீழேயிருந்து போகும் எவரும் இதை அவர்களைப் போலச் செய்ய முடியாது.

இனி ஓசூர் வேலை. ஒப்பந்தம் என்ற காரணத்துக்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். ஆனால் சேருவதற்கு முன் ஏஜென்சியிடம் சில விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். பணி நியமனக் கடிதம் யார் பெயரில் வரும், சம்பளச் சீட்டு மாதாமாதம் தருவார்களா, பி.எஃப். பிடித்தம் உண்டா, உங்களுக்கென்று யு.ஏ.என். எனப்படும் நிரந்தர பி.எஃப். கணக்கு எண் தருவார்களா என்று கேளுங்கள். பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விடுபவர்களும் இருக்கிறார்கள். முதல் சம்பளம் வந்த அடுத்த மாதமே பாஸ்புக்கை ஆன்லைனில் திறந்து, உங்கள் பங்கும் நிறுவனத்தின் பங்கும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.யும் பொதுவாக உண்டு. ஒப்பந்ததாரர் சம்பளம் தராமல் ஏமாற்றினால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த பொறுப்பு. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. எனவே நீங்கள் எந்த நிறுவனத்தின் கிடங்கில் வேலை செய்கிறீர்கள் என்பதற்கான அடையாள அட்டை நகல், வருகைப் பதிவு ஆகியவற்றைக் கைவசம் வைத்திருங்கள். பெண் என்பதால் இன்னும் இரண்டு. இரவு ஷிஃப்ட் உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடுதானா என்பது ஒன்று. வீட்டு வாசல் வரை வண்டி வருமா, பேருந்து நிறுத்தத்தோடு இறக்கிவிடுவார்களா என்பது மற்றொன்று. கூச்சப்படாமல் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, எந்தப் பிரிவில் போடுவார்கள் என்பது. முழுக்க முழுக்கப் பேக்கிங் மேசையில் மட்டும் நிற்க வேண்டும் என்றால், இரண்டு ஆண்டு கழித்தும் அதே மேசைதான். சரக்கு வரவு, இருப்புச் சரிபார்ப்பு, டிஸ்பாட்ச் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றில் ஆறு மாதத்துக்குள் மாற்றுவோம் என்று ஒப்புக்கொண்டால் தாராளமாகப் போகலாம். அங்கே ஸ்கேனரும் கிடங்கு மென்பொருளும் பழகிவிடும். மேற்கொண்டு படிக்க வேண்டும் என்று அப்போது தோன்றினால் படியுங்கள், எதைப் படிப்பது என்று அந்த நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

ஏஜென்சி இவற்றுக்குப் பதில் சொல்லாமல் மழுப்பினால், மத்திய அரசின் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டமான நாட்ஸ் (NATS) இணையதளத்தில் அப்ரென்டிஸாகப் பதிவு செய்யுங்கள். பி.காம். பட்டதாரிகளும் சேரலாம், பயிற்சிக் காலம் வழக்கமாக ஓராண்டு, உதவித்தொகை உண்டு, முடிவில் அரசுச் சான்றிதழும் உண்டு. சேலம், ஈரோடு, ஓசூர்ப் பக்கத்து நிறுவனங்களில் ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், லாஜிஸ்டிக்ஸ் என்று போட்டிருக்கும் இடங்களைத் தேடி விண்ணப்பியுங்கள். பட்டச் சான்றிதழ், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு இரண்டையும் தயாராக வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் அழைப்பு வந்தவுடன் சேர்ந்துவிடலாம். அதுவரைக்கும் அப்பாவின் எடைமேடையில் அந்த எக்செல் தாளைத் தொடருங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அதை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள்.