அம்மாள் கதவு திறக்கும் நாள்

நடுவர் அவர்களுக்கும், வாவிக் காற்றையும் நுளம்பையும் தாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் சபைக்கும் வணக்கம்.

வாழ்க்கை தலைகீழாக மாறும்போது நம்மைக் கடவுளோடு பிடித்து வைப்பது தனி மனதா, ஊர்ச் சடங்கா? இதுதான் தலைப்பு. நான் சடங்கின் பக்கம். எதிரணித் தலைவர் தம்பி, இடம் மாறினாலும் உள்ளம் மாறாது என்றார். கைதட்டு நன்றாக விழுந்தது, நானும்தான் தட்டினேன். ஆனால் தம்பி, உங்கள் உள்ளம் அப்படியென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். என்னுடையது காலையில் ஒன்று சொல்லும், கரண்ட் போனால் வேறொன்று சொல்லும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி மட்டக்களப்புக் கல்லடிக் கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோனது. உயிர் மிஞ்சியது, முகாமுக்குப் போனோம். கடற்கரைத் திருச்செந்தூர் முருகனின் கோபுரமே சாய்ந்துவிட்டது, நான் மட்டும் நிமிர்ந்து நின்று கும்பிட வேண்டுமோ என்று கேட்டவள் நான். ஐந்து மாதம் திருநீறு பூசவில்லை. மனதை நம்பியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வைகாசி வந்தது. வெளியூரிலிருந்து வந்திருக்கும் நடுவருக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பல கண்ணகியம்மன் கோயில்கள் வருசம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். வைகாசிப் பூரணையை ஒட்டிக் கதவு திறப்பார்கள். கல்யாணக்கால் நடுவார்கள், நெல் குற்றுவார்கள், கடைசியில் அம்மாளின் கோபம் தணியக் குளிர்த்தி பாடிக் கதவைச் சாத்திவிடுவார்கள். மனம் வரும்போது போய்க்கொள்ளலாம் என்ற கதையே அங்கே இல்லை.

முகாமில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்த என்னை அம்மா எழுப்பினார். "அம்மாளோட கோவமெண்டா இஞ்ச கிடந்து என்ன செய்யிறாய்? கதவு திறந்திருக்கு, போய் அவவிட்டயே கேள். மறுகா அடுத்த வருசம்தான்."

அம்மாவுக்கு மடிப்பிச்சை நேர்த்தி இருந்தது. வீடு வீடாக எடுக்க வேண்டும், வீடு எங்கே? சுற்றிலும் தறப்பாள் கூடாரம்தான். முந்தானையை ஏந்திக்கொண்டு அவர் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு வாசலிலும் நிவாரண அரிசியில் ஒரு பிடி. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி இரண்டு பிடி போட்டாள். அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. அன்று எனக்குப் பக்தி வந்ததா? இல்லை. கால் நடந்தது, மடி பாரமாகியது, அவ்வளவுதான். பக்தி வர இரண்டு மூன்று வைகாசி எடுத்தது. அதுவரைக்கும் என்னைக் கோயில் பக்கம் இழுத்து வைத்திருந்தது அந்த நாள்தான், நடுவர் அவர்களே.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவளுக்கு ஊர் ஏது, சடங்கு ஏது என்று எதிரணியில் கேட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி நான்கு வருசம் அங்கே இருந்தாள். விளக்கு வைக்க வழியில்லை. வைகாசி பிறந்தால் தாய்க்குப் போன் எடுத்து, "குளிர்த்தி எண்டைக்கு?" என்று கேட்பாளாம். அன்று வீட்டுக்காரிக்கு மீன் பொரித்துக் கொடுப்பாள், தான் மச்சம் தொடமாட்டாள். நோன்பு இருந்தது அவள்தான், சரி. நாளைச் சொன்னது யார்?

விபுலானந்த அடிகளையும் இழுத்தார்கள். 1892இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்து, விஞ்ஞானம் படித்து, ஊரையும் உறவையும் விட்டுத் துறவியானவர், அவருக்கு எந்தச் சடங்கு என்று கேட்டார்கள். நல்ல கேள்வி, தவறான ஆள். அவர் போனது தனிக் குகைக்கா? இராமகிருஷ்ண மிஷனுக்கு. அங்கே வேளைக்கு வேளை ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கோடு திரும்பி வந்துதான் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைக் கட்டினார். காரைதீவு கண்ணகியம்மன் குடியிருக்கிற ஊர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த ஊர்ப் பிள்ளை வருசக்கணக்காக ஆராய்ந்து 1947இல் வெளியிட்ட பழந்தமிழ் இசை ஆய்வான யாழ் நூல் எதிலிருந்து புறப்பட்டது? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலிருந்து. கண்ணகி கதையிலிருந்து! இதைச் சான்று என்று சொல்லமாட்டேன், ஆனால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கோயிலில் சண்டை இல்லையா என்றார்கள். இருக்கிறது. கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் பதவிக்கும் முதல் மரியாதைக்கும் நடக்கிற இழுபறியைப் பார்த்து நானே தலை குனிந்திருக்கிறேன். அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அந்த இழுபறிக்குப் பின்னால் இருக்கிற குடி முறைக்குள், அதாவது வம்ச முறைக்குள், இன்னொன்றும் இருக்கிறது. எங்களுக்குக் குடி தாய் வழியாக வருவது. கலியாணம் முடித்தாலும், தொழில் மாறினாலும், கனடாவில் போய் இருந்தாலும் தாயின் குடிதான் உன் குடி. அந்தக் குடிக்குக் கோயிலில் ஒரு பூசை நாள் இருக்கும். நீ வராவிட்டாலும் அது உன் நாள்தான், "அவன்ட ஆக்கள் வந்திட்டாங்களா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தனி மனது மறந்தால் அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

மணி அடித்துவிட்டீர்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். மேடையேறுமுன் தேத்தண்ணி குடிக்கும்போது எதிரணித் தலைவரிடம் சும்மா கேட்டேன்: "தம்பி, உங்கட குடிப் பூசை எத்தனையாம் நாள்?" கொழும்பில் இருபது வருசமாக வங்கியில் வேலை செய்கிறவர். கோப்பையை வாயிலிருந்து எடுக்காமலே விரலைக் காட்டினார், மூன்று. இல்லையென்றால் இப்போதே எழுந்து சொல்லட்டும்.